குளிசை அம்மாவுக்கு, சுகம் மகனுக்கு

நாய்க்கு மருந்தின்மேல் நம்பிக்கை வைக்கத் தெரியாது. இறைச்சித் துண்டுக்குள் பொதிந்து கொடுத்தால் விழுங்கும், அவ்வளவுதான். மூட்டு தேய்ந்து நொண்டுகிற நாய்களுக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசையைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012 இல் அமெரிக்க மிருக வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. நாய் நடக்கும்போது எந்தக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றுகிறது என்பதை நிலத்தில் பதித்த ஒரு தட்டு அளக்கும். அந்தத் தட்டின் கணக்கில் பல நாய்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதே நாய்களை வளர்ப்பவர்களிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் நொண்டல் குறைந்திருக்கிறது என்றார்கள். வளர்ப்பவர்கள் பாசத்தில் சொல்லுவார்கள் என்று விட்டுவிடலாம். சோதித்துப் பார்த்த மிருக வைத்தியர்களும் ஏறத்தாழ 40 வீதமான தடவைகளில் அதையேதான் சொன்னார்கள்.

வெறும் குளிசை வேலை செய்திருக்கிறது. ஆனால் விழுங்கியவருக்கு இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு.

நான் திருகோணமலை டவுனில் ஒரு பாமசியில் நிற்கிறவன். எங்களிடம் வருகிறவர்களில் கனபேர் தங்களுக்கு மருந்து வாங்க வருவதில்லை. அம்மாவுக்கு, மாமிக்கு, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. கிண்ணியாவிலிருந்து வாப்பாவுக்கு வாங்க வருகிற பெடியன்கள் இருக்கிறார்கள். 2009 இல் பாலம் திறப்பதற்கு முன் அவர்கள் 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து வந்து, மருந்தோடு அடுத்த பாதைக்கு ஓடுவார்களாம். முதலாளி சொல்லுவார். நோயாளியை நாங்கள் காண்பது அரிது. காண்பதெல்லாம் வாங்கிக்கொண்டு போகிறவரின் முகத்தைத்தான். அந்த முகத்தை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பார்த்துப் பழகியவனுக்கு நாய் ஆய்வு புதினமாக இருக்கவில்லை. சொந்தக் கடையைப் பற்றி யாரோ எழுதியதுபோல் இருந்தது.

பாலையூற்றிலிருந்து ஓட்டோ ஓடுகிற ஒருவர் வருவார். தாய்க்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. டொக்டர் எழுதின துண்டைக் கண்ணாடிமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நேராக்குவார். துண்டில் உள்ள மருந்துக்கு எங்களிடம் இரண்டு கம்பனிக் குளிசை இருக்கிறது. ஒன்று மலிவு, மற்றது வெளிநாட்டிலிருந்து வருவது, மூன்று மடங்கு விலை. உள்ளே உள்ளது ஒரே மருந்து, ஒரே அளவு. சொல்லியும் பார்த்துவிட்டேன்.

"தெரியும் தம்பி. எண்டாலும் விலை கூடினதத் தாங்கோ. அவாக்குச் சரியான நோ."

குளிசைக் காட்டை வாங்கியதும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். பெருவிரலால் வெள்ளித்தாளை ஒருக்காத் தடவுவார். சேட்டுப் பொக்கற்றில் வைத்துப் பொத்தானையும் பூட்டிவிடுவார். அப்போது அவருடைய தோள் இறங்குவதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். வரும்போது நெற்றியில் இருந்த சுருக்கம் போயிருக்கும். "சரி தம்பி, இனிப் பரவாயில்ல." தாய் இன்னும் ஒரு குளிசையும் விழுங்கவில்லை. அவர் பாலையூற்றில் கதிரையில் இருந்து காலைத் தடவிக்கொண்டிருப்பார்.

2011 இல் டேவிட் கிரெலொற்றி, ரெட் கப்சுக் என்ற இருவர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதினார்கள். மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத வெறும் குளிசை, நோயாளியில் மட்டும் வேலை செய்வதில்லை, நோயாளியைப் பராமரிப்பவருக்கும் ஆறுதல் கொடுக்கிறது, அந்த ஆறுதல் திரும்ப நோயாளியைப் பாதிக்கிறது என்பது அவர்களுடைய வாதம். 2014 இல் இன்னோர் அமெரிக்க ஆய்வு வந்தது. இரவில் இருமுகிற குழந்தைகள், நாலு வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு பகுதிக்குக் கற்றாழை போன்ற அகேவ் என்ற செடியின் பாகு, ஒரு பகுதிக்கு நிறமும் சுவையும் சேர்த்த தண்ணீர், ஒரு பகுதிக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நாள் பெற்றோரைக் கேட்டால் பாகு கொடுத்தவர்களும் வெறும் தண்ணீர் கொடுத்தவர்களும் இருமல் நல்லாய்க் குறைந்தது என்கிறார்கள். ஒன்றும் கொடுக்காதவர்கள் அவ்வளவாகச் சொல்லவில்லை. குழந்தை உண்மையிலேயே குறைவாக இருமியதா, தாய் குறைவாகக் கேட்டாளா? பெற்றோரின் வாயை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடையில் நின்றவர்களுக்கு இது வேறுவிதமாகத் தெரியும். கேட்ட மருந்து இல்லை. பனடோல்கூட ஆளுக்கு ஒரு காட் என்று எண்ணிக் கொடுத்தோம். ஒருவர் தகப்பனின் நாரிப்பிடிப்புக்குக் கேட்டு வந்தார். இல்லை என்றேன். கண்ணாடி அலுமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அதென்ன, அதத் தாங்கோ" என்றார். அது விட்டமின். நோவுக்குக் கேட்காது என்று சொன்னேன். "பரவாயில்ல, வெறுங்கையோட போகேலாது." அவர் முட்டாள் இல்லை. அந்தக் குளிசை யாருக்குத் தேவைப்பட்டது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் மனப்பிரமை, ஏமாற்று என்று தள்ளிவிட நினைப்பவர்கள் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் 2004 இல் லண்டனில் தானியா சிங்கரின் குழு செய்ததைச் சொல்லவேண்டும். 16 சோடிகள். பெண் ஸ்கானருக்குள், அவளுடைய துணைவர் பக்கத்தில். கையில் சின்ன மின்னதிர்ச்சி ஒருக்கா அவளுக்கு, ஒருக்கா அவருக்கு. தனக்கு நோகும்போது மூளையில் வேலை செய்கிற இடங்களில் ஒரு பகுதி, அதாவது முன் இன்சுலா, முன் சிங்குலேற் என்ற இடங்கள், துணைவருக்கு நோகும்போதும் வேலை செய்தன. எந்த விரலில், எவ்வளவு கூர்மையாக என்று கணக்கெடுக்கிற பகுதி மற்றவருக்காக அசையவில்லை. அசைந்தது 'ஐயோ' என்று தவிக்கிற பகுதி. பிறர் நோவையும் நாங்கள் எங்கள் வீட்டுச் சுண்டால்தான் அளக்கிறோம்.

அப்படியானால் சுண்டைச் சின்னதாக்கினால் என்ன நடக்கும்? மார்க்குஸ் ரூட்கன், கிளாவுஸ் லாம் ஆகியோரின் வியன்னாக் குழு 2015 இல் கேட்டது அதைத்தான். 102 பேர். ஒரு பகுதியினருக்கு விலை கூடிய, நன்றாகக் கேட்கிற நோ மருந்து என்று சொல்லி வெறும் குளிசை கொடுத்தார்கள். (விலை கூடியது என்று சொன்னதை வாசித்தபோது எனக்கு ஓட்டோக்காரரின் பொக்கற் ஞாபகம் வந்தது.) அவர்களுக்கு மின்னதிர்ச்சி குறைவாக நொந்தது, அது எதிர்பார்த்தது. பிறகு இன்னொருவருக்கு அதிர்ச்சி கொடுப்பதைப் பார்க்க வைத்தார்கள். அந்த மற்றவர் எந்தக் குளிசையும் போடவில்லை, அவருடைய நோ அவருக்கு முழுதாக இருக்கிறது, பார்ப்பவருக்கும் அது தெரியும். அப்படியிருந்தும் வெறும் குளிசை போட்டவர்கள் அவருக்கு நோகிற நோவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். பார்த்துத் தங்களுக்கு ஏற்பட்ட தவிப்பும் குறைவு என்றார்கள். இன்சுலாவிலும் சிங்குலேற்றிலும் அசைவு குறைந்திருந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கட்டம். மூளைக்குச் சொந்தமாக நோ அடக்கும் சரக்கு உண்டு, அபினோடு உறவுள்ள சாதி. வெறும் குளிசையை நம்பிப் போடும்போது மூளை அதை எடுத்துப் பாவிக்கிறது என்ற எண்ணம் 1978 இலிருந்து இருக்கிறது. ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு அந்தச் சரக்கைத் தடுக்கிற நாலொக்சோன் கொடுத்தபோது மருந்துப்போலியின் சுகமும் போய்விட்டது. வியன்னாக்காரர் அதே இனத்து நால்ற்ரெக்சோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். சொந்த நோவில் வந்த குறைவு போனது. மற்றவருக்காகத் தவிப்பதில் வந்த குறைவும் கூடவே போனது. அதாவது இரக்கம் குறைந்தது மனம் கல்லானதால் இல்லை. உடம்பு தனக்கென்று எடுத்த மருந்து மற்றவரின் நோவையும் சேர்த்து அமத்தியிருக்கிறது.

2022 இல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. கையால் ஒரு பிடியை இறுக்கி நெரித்தால் மற்றவருக்கு விழும் அதிர்ச்சியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வெறும் குளிசை போட்டவர்கள் குறைவாகவே மினக்கெட்டார்கள்.

பனடோலைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு, 2016 இல் ஒஹாயோவில் நடந்தது. 1000 மில்லிகிராம் பரசிற்றமோல், அதாவது நாங்கள் வழமையாகப் போடுகிற ரெண்டு பனடோல், போட்ட மாணவர்கள் அடுத்தவருடைய நோவைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு 'இரக்கத்தைக் கொல்லும் மாத்திரை' என்று முகநூலில் பகிர்ந்த ஆட்களைக் கண்டேன். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். தலையிடிக்குப் பனடோல் போட்ட மனிசி பிள்ளையின் அழுகையைக் கேளாமல் இருப்பாள் என்று ஆய்வு சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு முள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான் அது.

வியன்னாவையும் என் கடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் கூடாது. அங்கே குளிசை போட்டவர் பார்ப்பவர். இங்கே பார்ப்பவர் குளிசையை வாங்கிக் கொடுக்கிறவர். ஓட்டோக்காரரின் மூளையை யாரும் ஸ்கான் செய்யவில்லை. ஆனால் இந்த ஆய்வுகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று படுகிறது. நோவுக்கு ஏதோ செய்தாயிற்று என்ற நிம்மதியே பார்ப்பவரின் தவிப்பை அமத்தப் போதும். தவிப்பு அமர்ந்ததை, அங்கே நோ அமர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம்.

என் பெரியம்மாவின் மகள் நேர்ஸ். எந்த வைத்தியசாலை என்று சொல்லவில்லை. இதைப்பற்றிக் கதைத்தபோது அவ சிரித்தா. "ஊசி போட்ட உடன சொந்தக்காரர் ரீ குடிக்கப் போயிடுவினம். ஊசி வேலை செய்ய அரை மணித்தியாலம் செல்லும். அந்த அரை மணித்தியாலம்தான் நோயாளிக்கு ஆள் தேவை." பிறகு தானாகவே சொன்னா: "எங்களுக்கும் அப்பிடித்தான். சார்ட்டில மருந்து குடுத்ததா எழுதிப்போட்டா முனகல் சத்தம் குறைஞ்ச மாதிரித்தான் இருக்கும்."

அவவிடம் நான் தாய்வான் ஆய்வைச் சொன்னேன். 2007 இல் வந்தது. உடம்பில் ஊசி குத்துகிற படங்களை அக்குபஞ்சர் செய்கிற வைத்தியர்களுக்கும் மற்றவர்களுக்கும் காட்டினார்கள். மற்றவர்களின் மூளையில் நோவுக்குரிய இடங்கள் அசைந்தன. வைத்தியர்களுக்கு அவை அசையவில்லை, தன்னை அடக்குவதற்குரிய பகுதிகள் வேலை செய்தன. "அப்ப நாங்கள் கல்நெஞ்சுக்காரர் எண்டு சொல்லுறியோ? எரிஞ்ச புண்ணுக்கு மருந்து கட்டேக்க நானும் சேர்ந்து நொந்தா, பின்னேரம் என்னையும் ஒரு கட்டில்ல போடோணும்." அவ சொல்வது சரி. நடுங்குகிற கையால் புண் கட்ட முடியாது. இரக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது வாட்டில் நின்று பார்க்கலாம். எனக்குப் பிரச்சினை அமத்துவதில் இல்லை. அமத்தியது தெரியாமல் இருப்பதில்தான்.

தெரியாமல் இருப்பதில் மிக மோசமான வகை, குளிசையே தேவைப்படாத வகை. வெர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் 2016 இல் வெள்ளை இன மருத்துவ மாணவர்களையும் பயிற்சி வைத்தியர்களையும் கேட்டார்கள். கறுப்பின மக்களின் தோல் தடிப்பானது என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் நோவைக் குறைத்து மதிப்பிட்டு, சிகிச்சையையும் பிழையாகச் சொன்னார்கள். அமெரிக்கா என்று ஒதுக்கிவிடலாம். என் கவுண்டரில் கேட்பது: "அவன் கடல் தொழில் செய்யிறவன், தாங்குவான்." "மூண்டு பிள்ளை பெத்தவா, இதென்ன பெரிய நோ." திருக்கை முள் குத்திக் கை வீங்கி வந்த ஒருவரை வரிசையில் பின்னுக்கு நிற்கச் சொல்லிவிட்டுத் தடிமன் பிடித்த ஒரு உத்தியோகத்தருக்கு இடம் விட்டார்கள், யாரும் கெட்ட எண்ணத்தில் இல்லை. 'இந்தமாதிரி ஆள் தாங்கும்' என்ற எதிர்பார்ப்பு ஒன்று போதும், அமத்தல் தானே நடக்கும்.

எதிர்பார்ப்பு எப்போதும் இரக்கத்தைக் குறைக்கத்தான் செய்யும் என்று இதுவரை நான் சொல்லிக்கொண்டு வந்ததுபோல் தெரிந்தால், சல்லி முத்துமாரியம்மன் கோயில் பக்கம் ஒருக்காப் போகவேண்டும். முதுகில் முள் ஏற்றிக் காவடி எடுக்கிற பெடியனுக்கு அம்மன் பார்த்துக்கொள்ளுவா என்பதில் சந்தேகமில்லை. பக்கத்தில் வேப்பிலையோடு நடக்கிற தாய்க்கும் இல்லை. நியாயப்படி பார்த்தால் தாய்க்குத் தவிப்பே இருக்கக்கூடாது. ஆனால் அவள் கண் எப்போதும் முள்ளில்தான். கயிறு ஒருக்கா இறுகினால் அவளுடைய கை தன் சீலைத்தலைப்பை இறுக்கிப் பிடிக்கும். உப்புவெளி ஹொட்டேலிலிருந்து வந்த வெள்ளைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அதேநேரம் படமும் எடுத்துக்கொண்டு நிற்பார்.

ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்றிக்கே என்ற ஊரில் தீ மிதிக்கிறவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பை அளந்த ஆய்வு 2011 இல் வந்தது. மிதிக்கிறவரின் துடிப்போடு உறவினர், நண்பர்களின் துடிப்பு ஒத்து ஏறி இறங்கியது. அந்நியப் பார்வையாளரின் துடிப்பு ஒத்துவரவில்லை. மொரீசியஸில் தைப்பூசக் காவடியை வைத்து நடந்த 2013 ஆய்வில், காவடி எடுத்தவர்களும் கூட நடந்தவர்களும் வெறும் கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்களைவிட நன்கொடை கூடக் கொடுத்தார்கள். எவ்வளவு நோவைக் கண்டார்களோ அவ்வளவு கூடக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் நோ இல்லை என்று நடிப்பதில்லை. அம்மன் துணை என்பதும் நோகும் என்பதும் ஒரே நேரத்தில் அங்கே நிற்கின்றன. குளிசைக் காட்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் பெயரே நோ நிவாரணி, கொடுத்தால் முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

கன்னியாவுக்குப் போனால் இன்னொரு பக்கம் தெரியும். ஏழு வெந்நீர்க் கிணறும் ஒரே சூட்டில் இல்லை. கால் உளைவு, மூட்டு நோவுக்கு வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே ஒரு மகன் தாயை இருத்திவைத்து வாளியால் முழங்காலுக்கு ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வாளி ஊற்றுவார், "எப்பிடி அம்மா, குறையுதா?" தாய் முதலில் தன் காலைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தைத்தான் பார்த்தா. நனைந்த சேட்டு, விடியற்காலை பஸ் ஏறிய களைப்பு, எல்லாம் அந்த முகத்தில் இருந்தது. "ஓம் ராசா, குறைஞ்ச மாதிரி இருக்கு." மகனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாளிக்குப் போனார். அவர் திரும்பியதும் தாய் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக நீட்டிப் பார்த்தா.

நோயாளி கொடுப்பவரின் முகத்தை வாசிப்பது கற்பனை இல்லை. 2019 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில், 'டொக்டர்' வேடம் போட்டவர்களிடம் ஒரு கிறீம் சுகம் தரும், மற்றது தராது என்று நம்பவைத்தார்கள். இரண்டிலும் மருந்து இல்லை. டொக்டர் நம்பிய கிறீமைப் பூசியபோது நோயாளிக்குக் குறைவாக நொந்தது. அந்த நம்பிக்கை டொக்டரின் முகத்தால் கடந்து போயிருக்கிறது. அதனால் அந்தத் தாய்க்கு உண்மையிலேயே கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம். இல்லை, மகனுக்காகச் சொன்னதாயும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம், தாய்மாரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மகன் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோவது 'குறைஞ்சிட்டு' என்ற ஒரே கணக்கைத்தான். 

நாய்க்கு ஒரு தட்டு இருந்தது. எங்கள் வீடுகளில் அப்படி ஒன்று இல்லை. அதனால் கவுண்டரில் இப்போது நான் "நோ குறைஞ்சதா" என்று கேட்பதில்லை. ராத்திரி எத்தனை தரம் எழும்பினவா, கக்கூசுக்குத் தனியப் போறாவா, தலைமயிர் தானே பின்னுறாவா என்றுதான் கேட்கிறேன். கேட்டதும் அநேகமானோர் முழிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் வீட்டில் நிற்பவர், பெரும்பாலும் மருமகள்.

போன கிழமை ஓட்டோக்காரர் திரும்ப வந்தார். அதே குளிசை, விலை கூடினது, இன்னும் ரெண்டு காட்.

"அம்மா எப்பிடி?"

"நல்லம் தம்பி. இப்ப ஒண்டும் சொல்லுறேல்ல."

"ராவில படுத்து நித்திரை கொள்ளுறாவா?"

"கொள்ளுறாதானே..." கொஞ்சம் யோசித்தார். போனை எடுத்து மனிசிக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் கடை முழுக்கக் கேட்டது.

"மாமி எங்க படுக்கிறா? விடியும் மட்டும் கதிரையிலதான் இருக்கிறா. படுத்தா எழும்பேலாதாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவா."

போனை வைத்துவிட்டுக் கனநேரம் குளிசைக் காட்டையே பார்த்தார். கிளினிக் என்றைக்கு என்று கேட்டார். அதுவரைக்கும் ஒன்றுக்கு ரெண்டாகக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். கூடாது, இந்தச் சாதி மருந்து வயித்தையும் கிட்னியையும் பாதிக்கும், தாய்க்குப் பிரஷரும் இருக்கு, டொக்டரிடமே கேளுங்கோ என்றேன். ரெண்டு காட்டையும் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, இருக்கிறது கிளினிக் மட்டும் காணும் என்று சொல்லிக்கொண்டு போனார்.

முதலாளி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நீ இப்பிடி விசாரணை நடத்தினா சனம் முன்கடைக்குப் போயிடும்" என்றார். போகட்டும் என்று சொல்ல ஏலாது, சம்பளம் தருகிறவர் அவர். காட் ரெண்டையும் எடுத்துத் தட்டில் திரும்ப அடுக்கினேன்.